பரோட்டாவுக்கு நாலரை, கடைக்கு ஒண்ணு

முதல்லயே சொல்லிடுறேன், கடை பேரை போட மாட்டேன், லொகேஷன் கேட்டு யாரும் இன்பாக்ஸ்ல வராதீங்க. மதுரையில இருந்து விருதுநகர் போற நாலு வழிச்சாலையை ஒட்டி, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அடுப்பு பத்த வைக்கிற கடை, அவ்வளவு தெரிஞ்சா போதும். பேர் ஏன் சொல்லலன்னு கீழ படிச்சா உங்களுக்கே புரியும்.

சாப்பாட்டை பத்தி குறை சொன்னா நாக்கு அழுகிடும். விருதுநகர் பக்கத்து எண்ணெய் பரோட்டா தெரியும்ல, தட்டையான சட்டியில எண்ணெய் தாராளமா ஊத்தி பொரிச்சு எடுப்பாங்க, மேல மொறுமொறுன்னு இருக்கும் உள்ள பஞ்சா இருக்கும். பல கடையில எண்ணெய் குடிச்சு கனத்துப் போயி வரும், இங்க அப்படி இல்ல, இலையில வச்சு பிச்சா சத்தம் கேக்கும். சால்னா தண்ணியா தான் இருக்கும் ஆனா சோம்பு கசகசா தேங்கா எல்லாம் சரியா கூடி வந்திருக்கும், மட்டன் சுக்கா கேட்டா எலும்பை போட்டு ஏமாத்த மாட்டாங்க, கலக்கி கலக்கியா வரும் ஆம்லெட்டா வராது. பரோட்டா 15 ரூவா, நாலு பரோட்டா ஒரு சுக்கா ஒரு கலக்கி சாப்பிட்டா 250க்குள்ள முடிஞ்சிரும். நான் பிஸ்கட் கம்பெனிக்கு லைன் சேல்ஸ் பாக்குறவன், வாரத்துல ரெண்டு நாள் இந்த ரோட்டுல தான் ராத்திரி திரும்புவேன், அதனால எத்தனையோ கடை தின்னு பாத்துட்டு தான் சொல்றேன். பரோட்டாவுக்கு நாலரை ஸ்டார். அரை ஏன் குறைச்சேன்னா வெங்காயத்துல தயிர் ரொம்ப புளிப்பு.

இப்ப கடைக்கு வருவோம்.

மேசை துடைச்சு இலை எடுக்க ஒரு பையன் இருந்தான். பெரிய ஆளோட பனியனை முட்டி வரைக்கும் தொங்க விட்டுட்டு ஒரு கையில பக்கெட்டு ஒரு கையில துணி. முதல் நாள் நான் கவனிக்கல, உண்மைய சொல்லணும்ல, கவனிச்சேன் ஆனா கண்டுக்கல. ரெண்டாவது தடவை நாங்க மூணு பேரு போயிருந்தோம், எந்திரிக்கும்போது அவன் இலையை சுருட்டிக்கிட்டே "பரோட்டா பதினொண்ணு, சுக்கா ரெண்டு, கலக்கி மூணு, ஒரு ஆஃபாயில்"னு சொல்லி மொத்த ரூவாயையும் கல்லாவை பாத்து கத்துறான். ஓனர் கால்குலேட்டர்ல தட்டி முடிக்கிறதுக்கு முன்னாடியே. சரியா இருந்துச்சு. எனக்கு சிரிப்பு வந்துச்சு, தம்பி எந்த கிளாஸ்டான்னேன், "போகலண்ணே"ன்னான்.

கல்லாவுக்கு பக்கத்துல ஒரு போர்டு ஒட்டியிருக்கும், எல்லா கடையிலயும் பாத்திருப்பீங்க, இங்கு குழந்தைத் தொழிலாளர்கள் பணியில் அமர்த்தப்படவில்லைன்னு. அவன் அதுக்கு கீழ தான் பக்கெட்டை வைப்பான். மூணாவது தடவை போனப்ப சும்மா கேட்டேன், அதுல என்னடா எழுதியிருக்குன்னு. கொஞ்ச நேரம் பாத்தான். "கடை லீவு நாள் போட்டிருக்குண்ணே"ன்னான்.

அன்னைக்கு சால்னா இறங்கல எனக்கு.

கொஞ்சம் கொஞ்சமா கேட்டதுல தெரிஞ்சது இது தான். 2020 மார்ச்ல கொரோனாவுக்கு ஸ்கூலை பூட்டுனப்ப பையன் ரெண்டாப்பு. 2021 நவம்பர்ல சின்ன கிளாஸுக்கு திரும்ப திறந்தப்ப அவனை நாலாப்புல உக்கார வச்சாங்க, நடுவுல மூணாப்புன்னு ஒண்ணு அவன் வாழ்க்கையில நடக்கவே இல்ல. வீட்டுல போனும் கிடையாது டிவியில பாடம் பாக்க ஆளும் கிடையாது. நாலாப்பு புக்கை விரிச்சா எழுத்து தெரியல, மத்த பயலுக சிரிக்கிறான், தெருவுல இல்லம் தேடி கல்வி அக்கா ஒருத்தங்க சாயங்காலம் சொல்லிக் கொடுத்திருக்காங்க, அங்க கொஞ்ச நாள் போயிருக்கான், அதுக்குள்ள அப்பா சாரத்துல இருந்து விழுந்து இடுப்பு போச்சு. ஓனர் கிட்ட 30,000 முன்பணம் வாங்குனாங்க, பையன் வந்துட்டான். மூணு வேளை சோறு கடையிலேயே. இதை யாரும் கணக்குல எடுக்கிறது இல்ல, ஓட்டல்ல சின்ன பசங்க வந்து நிக்கிறதுக்கு சம்பளத்தை விட சோறு தான் பெரிய காரணம், வீட்டுல ஒரு வாய் குறையுதுல்ல.

எனக்கு இது ஏன் உறுத்துதுன்னு சொல்லணும். நான் சாத்தூர் பக்கம். எங்க தெருவுல தீப்பெட்டி ஆபீஸ் பஸ் விடியக்காலை நாலு மணிக்கு வரும், ஹாரன் அடிச்சா பாதி தூக்கத்துல புள்ளைகளை தூக்கி உள்ள விடுவாங்க. நானும் எங்க அக்காவும் கட்டை அடுக்குனவங்க, மருந்து முக்குறதுக்கு முன்னாடி சட்டத்துல குச்சியை ஒவ்வொண்ணா அடுக்கணும், சின்ன விரலா இருந்தா வேகமா அடுக்கலாம்னு தான் புள்ளைகளை கூப்பிடுறதே. எனக்கு பத்து வயசுல எங்க ஊருக்கு குழந்தைத் தொழிலாளர்களுக்கான ஸ்பெஷல் ஸ்கூல் வந்துச்சு, 1988ல ஆரம்பிச்ச மத்திய அரசு திட்டம் அது, மாசம் 100 ரூவா புள்ளை பேருல குடுப்பாங்க மதியம் சோறும் உண்டு. டீச்சர் எங்க வீட்டு வாசல்ல வந்து உக்காந்து எங்க அம்மா கூட சண்டை போட்டாங்க, ஒரு நாள் இல்ல, ஒரு வாரம். அம்மா கடைசியில ரெண்டு பேருல ஒருத்தனை அனுப்புறேன்னு சொல்லிட்டாங்க. நான் போனேன். அக்கா போகல.

அக்காவுக்கு இப்ப 44. ஒரு குரோஸ்னா 144 பெட்டின்னு எத்தனை குரோஸ் சொன்னாலும் வாயாலயே கணக்கு போடும், ஆனா பஸ்ல போர்டு படிக்காது, கலரை பாத்து ஏறும். கவர்மெண்ட் பஸ் கலரை மாத்துனப்ப ரெண்டு மாசம் தடுமாறுச்சு. வாட்ஸ்அப்ல எனக்கு வாய்ஸ் நோட் மட்டும் தான் அனுப்பும், நான் டைப் பண்ணி அனுப்பிட்டேன்னா திரும்ப போன் போட்டு "என்னடா அனுப்பிருக்க, ஏதும் கெட்ட சேதியா"ன்னு கேக்கும். அந்த பையன் போர்டை பாத்துட்டு லீவு நாள்னு சொன்னப்ப எனக்கு கேட்டது அக்கா குரல் தான்.

எங்க ஊர் விஷயம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, எம்.சி.மேத்தா கேஸ், 1996 டிசம்பர்ல தீர்ப்பு. ஆபத்தான வேலைக்கு வச்ச ஒவ்வொரு புள்ளைக்கும் முதலாளி 20,000 ரூவா கட்டணும்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் பஸ் நின்னுச்சு, உண்மை தான். ஆனா கொஞ்ச நாள்ல பெட்டி ஒட்டுற வேலை வீட்டுத் திண்ணைக்கே வந்துருச்சு, வீட்டுக்குள்ள யார் ஒட்டுறாங்கன்னு யார் பாக்குறா.

சரி, ஓனர் கிட்ட பேசினேன். சண்டை போடல, காசு குடுக்கும்போது பையன் சின்னவனா இருக்கானேண்ணேன்னு இழுத்தேன். மனுஷன் கெட்டவர் இல்ல, அது தான் பிரச்சனையே. கல்லாவுக்கு மேல மாட்டியிருந்த காமராஜர் படத்தை காட்டி, "அவரு ஆறாப்பு தாண்டுனாரா, மாமா கடையில தானே நின்னாரு, நாடே ஆளலையா"ன்னாரு. பொய் இல்ல, காமராஜர் அப்பா செத்தப்புறம் படிப்பை விட்டுட்டு மாமா துணிக்கடையில நின்னவரு தான். ஆனா அதே ஆளு தான் 1956ல பள்ளிக்கூடத்துல மத்தியான சோறு போட்டாரு, கடையில நிக்கிற பயலை வகுப்புல உக்கார வைக்கணும்னு தான். இது எனக்கு அங்க வச்சு தோணல, பைக்ல வரும்போது தான் தோணுச்சு. நமக்கு நல்ல பதில் எல்லாம் டோல்கேட் தாண்டுனப்புறம் தான் வரும்.

அடுத்து சொன்னாரு, "பரோட்டா மாஸ்டருக்கு நாளுக்கு 1,500 ரூவா, இன்ஜினியரிங் முடிச்சவன் 15,000க்கு அலையுறான், இவன் தொழில் கத்துக்கட்டும்". இதை கேட்டா எல்லாரும் தலையாட்டுவீங்க, நானும் ஆட்டுனேன். அடுப்புகிட்ட நின்ன மாஸ்டர் தான் மாவை அடிச்சுக்கிட்டே சொன்னாரு, "அவன் இங்க வந்து ஒன்றரை வருஷம் ஆச்சு, இன்னும் மாவுல கை வைக்க விடல, தினமும் பக்கெட்டு தான் தூக்குறான், என்ன தொழிலை கத்துப்பான்". ஓனர் முறைச்சாரு. நான் கிளம்பிட்டேன்.

அன்னைக்கு ராத்திரி 1098க்கு, அதான் குழந்தைகள் ஹெல்ப்லைன், போன் போட்டேன். மூணு தடவை தின்னுட்டு தான் போட்டேன்னு ஞாபகம் வச்சுக்கோங்க, எனக்கே நான் ஸ்டார் குறைச்சுக்கிறேன். இந்த நம்பரை பத்தி தனியா ரிவ்யூ போடலாம். 1996ல மும்பையில ஆரம்பிச்சது, 2023ல இருந்து மாநில அரசு பக்கம் வந்துருச்சு, 24 மணி நேரம், காசு கிடையாது. என் பேரு கட்டாயம் கேப்பாங்கன்னு பயந்தேன், சொல்ல வேண்டாம்னா விட்டுட்டாங்க. கடை எங்க, எத்தனை மணிக்கு பையன் இருப்பான், பாத்தா எத்தனை வயசு இருக்கும், அங்கேயே படுக்கிறானா, முன்பணம் வாங்கியிருக்காங்களா, இவ்வளவு தான் கேட்டாங்க. முன்பணம்னதும் அந்தம்மா குரல் மாறிச்சு, ஏன்னா கடனுக்கு ஈடா ஆளை வேலையில வச்சா 1976 கொத்தடிமை ஒழிப்பு சட்டமும் சேந்துக்கும், அந்த கடனே செல்லாது. அஞ்சு ஸ்டார் குடுக்கலாம்.

தொழிலாளர் துறை ஆளுங்க, போலீஸு, குழந்தை பாதுகாப்பு ஆளுங்க எல்லாரும் சேந்து போயிருக்காங்க. ஓனர் பையனுக்கு 15ன்னு சொல்லியிருக்காரு. இது எல்லாரும் எடுக்கிற ஆயுதம், ஏன்னா ஓட்டல்ல 14 வயசுக்குள்ள வேலைக்கு வைக்கக் கூடாதுன்னு 2006 அக்டோபர்லயே வந்துருச்சு, 2016ல கிட்டத்தட்ட எல்லா வேலைக்குமே தடை ஆச்சு, ஆனா 14 தாண்டி 18க்குள்ளன்னா ஆபத்தில்லாத வேலைக்கு வைக்கலாம்னு ஒரு கதவு இருக்கு. ஓனருக்கு தெரியாதது என்னன்னா அந்த வயசுப் பசங்களையும் ராத்திரி 7 மணியில இருந்து காலையில 8 மணி வரைக்கும் வேலை வாங்கக் கூடாது, ராத்திரிக் கடையில 15ம் செல்லாது. கடைசியில ஸ்கூல் ரிஜிஸ்டர்ல பாத்தா 12. ஆறு மாசத்துல இருந்து ரெண்டு வருஷம் ஜெயில், இல்ல 20,000ல இருந்து 50,000 அபராதம், ரெண்டும் சேத்தும் போடலாம், கேஸ் நடக்குது. பெத்தவங்களுக்கு முதல் தடவை தண்டனை கிடையாது, அது நல்ல விஷயம், இல்லைன்னா எவனும் போன் போட மாட்டான்.

நான் அங்க இல்ல. மாஸ்டர் தான் அப்புறம் சொன்னாரு, போலீஸை பாத்ததும் பையன் பக்கெட்டை கீழ வச்சுட்டு "நான் எதையும் எடுக்கல சார்"னு அழுதானாம். அதை கேட்ட நாள்ல இருந்து போன் போட்டது சரின்னு தெரிஞ்சும் கெத்தா சொல்லிக்க முடியல. பேரு ஊரு போடாததும் அதனால தான், பையன் இன்னும் அதே ஊர்ல தான் இருக்கான்.

ஒரு மாசம் கழிச்சு லைன் போற வழியில அவன் ஊர் ஸ்கூலுக்கு போனேன். பெரிய டீச்சர் டிசி கேக்கல, கல்வி உரிமைச் சட்டம் வந்ததுல இருந்து டிசி இல்லைன்னு திருப்பி அனுப்ப முடியாதுன்னாங்க. வயசுக்கேத்த மாதிரி ஏழாப்புல சேத்துட்டு தனியா உக்கார வச்சு எழுத்துல இருந்து ஆரம்பிச்சிருக்காங்க. வாய்க்கணக்குல கிளாஸையே அடிச்சிடுறானாம், அதையே நோட்டுல போடச் சொன்னா பேனாவை வச்சுட்டு பாத்ரூம் போறேன்னு ஓடிடுறானாம். முதல் பத்து நாள் பெஞ்சுல தூங்கியிருக்கான், ராத்திரி ஒரு மணிக்கு படுத்து பழகுன உடம்பு. காலை உணவுத் திட்டம் அஞ்சாப்பு வரைக்கும் தான், அதனால மத்தியானம் வரைக்கும் பசி. டீச்சர் தன் டிபன் பாக்ஸ்ல ரெண்டு இட்லி கூட வச்சு எடுத்துட்டு வர்றாங்க, கேட்டா "எங்க வீட்டு சாருக்கு பிடிக்கலையாம் அதான் மிஞ்சுது"ன்னு சமாளிச்சாங்க.

ஸ்பெஷல் ஸ்கூல் திட்டத்தை பொது கல்வித் திட்டத்தோட சேத்துட்டாங்க இப்ப. தனி ஸ்கூல்னா முத்திரை குத்துன மாதிரி ஆகும்ங்கிறாங்க, நியாயம் தான். ஆனா எங்க வாசல்ல ஒரு வாரம் உக்காந்தாங்களே அந்த டீச்சர், அவங்களுக்கு அது ஒண்ணு தான் வேலை. இந்த டீச்சருக்கு எமிஸ்ங்கிற ஆன்லைன் பதிவேட்டுல ஏத்துறதுல இருந்து எலெக்ஷன் டூட்டி வரைக்கும் இருக்கு, பையன் நாலு நாள் வரலைன்னா தேடிப் போறது இட்லி மாதிரி சொந்தக் கணக்குல தான்.

இதை டைப் பண்றதே அந்த கடையில இருந்து தான். கேஸ் இருந்தும் கூட்டம் குறையல. காமராஜர் இருக்காரு, போர்டு இருக்கு, புதுசா துடைச்சு பளபளன்னு இருக்கு. மேசை துடைக்க வேற ஒருத்தன் வந்திருக்கான், வடக்குப் பக்கத்துப் பையன், மீசை இன்னும் அரும்பல. வயசு கேட்டேன், "அட்டாரா, அண்ணா"ன்னு சிரிச்சான். கல்லாவுல இருந்து ஓனர் "பதினெட்டு சார், ஆதார் இருக்கு"ன்னு கை காட்டுறாரு. இலை போட்டாச்சு, பரோட்டா வந்து அஞ்சு நிமிஷம் ஆச்சு, ஆறுது. போன் கையில தான் இருக்கு.