ஸ்டீம் டெக், ஸ்விட்ச் 2, ராக் அல்லை எக்ஸ்: எதை வாங்கலாம்?

கையில் பிடித்து விளையாடும் கேமிங் கருவி வாங்கக் காசு சேர்த்து வைத்திருப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எதுல எஃப்பிஎஸ் ஜாஸ்தி வரும்?" எஃப்பிஎஸ் என்பது ஒரு விநாடிக்குத் திரையில் வரும் படங்களின், அதாவது ஃபிரேம்களின் எண்ணிக்கை. அது மட்டும்தான் கணக்கு என்றால் பதில் ஒரே வரி. நான் இங்கே பேசப்போகும் மூன்றில் ஆசுஸின் ராக் அல்லை எக்ஸ்தான் வேகமானது. ஆனாலும் தினமும் என் பையில் இருப்பது வால்வின் ஸ்டீம் டெக் ஓலெட். யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வதும் அதைத்தான். வீட்டில் குழந்தைகள் இருந்தால் மட்டும் நின்டெண்டோ ஸ்விட்ச் 2 பக்கம் கை காட்டுவேன்.

காகிதத்தில் பார்த்தால் டெக் ஜெயிக்கவே முடியாது. அதிலிருப்பது ஏஎம்டியின் பழைய ஜென் 2 வகை சிப், நான்கே கோர்கள், 16 ஜிபி ரேம். அல்லை எக்ஸில் ஜென் 4 வகையில் எட்டு கோர்கள் கொண்ட ரைசன் இசட்1 எக்ஸ்ட்ரீம், 24 ஜிபி ரேம், 1 டிபி எஸ்எஸ்டி. டெக்கின் திரை 1280 x 800, அல்லையுடையது 1920 x 1080. இந்தத் திரைக் கணக்கை மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். டெக் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வரைய வேண்டியது சுமார் 10 லட்சம் பிக்சல். அல்லை வரைய வேண்டியது 20 லட்சத்துக்கும் மேல். ஏழு அங்குலத் திரையில் அந்த இரட்டிப்பு வேலையால் கண்ணுக்குக் கிடைக்கும் லாபம் ரொம்பக் குறைவு. அதனால் அல்லை வைத்திருப்பவர்களில் பலரும் கனமான கேம்களில் திரைத் தெளிவை 720பி அல்லது 900பிக்கு இறக்கித்தான் ஆடுகிறார்கள்.

அடுத்தது கரண்ட் கணக்கு. மேசைக் கணினியில் யாரும் வாட் பற்றிக் கவலைப்படுவதில்லை, சுவரில் பிளக் இருக்கிறது. கையடக்கக் கருவியில் எல்லாமே வாட்தான். டெக்கின் சிப் அதிகபட்சம் 15 வாட் இழுக்கும், பேட்டரியின் கொள்ளளவு 50 வாட்-அவர். திரை, வைஃபை, மின்விசிறி எல்லாம் சேர்த்து முழு வேகத்தில் இரண்டு மணி நேரம் சுலபமாக ஓடும். ஹேடிஸ், ஸ்டார்டியூ வேலி மாதிரி இலகுவான கேம் என்றால் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேலேயே தாங்கும். 2023இல் வந்த முதல் ராக் அல்லையில் 40 வாட்-அவர் பேட்டரியை வைத்துவிட்டு, சிப்பை 25 வாட், 30 வாட் என்று விரட்டினார்கள். பெரிய கேம் போட்டால் ஒரு மணி நேரத்தில் சார்ஜரைத் தேட வேண்டியிருந்தது. மெமரி கார்டு ஸ்லாட் சூட்டில் செயலிழக்கிறது என்ற புகாரும் சேர்ந்துகொண்டது. 2024இல் வந்த அல்லை எக்ஸ் பேட்டரியை ஒரேயடியாக 80 வாட்-அவராக்கி, ஸ்லாட்டையும் இடம் மாற்றியது. வாடிக்கையாளர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டுச் செய்த திருத்தம், அதற்கு முழு மதிப்பெண் தருகிறேன். எடையும் 678 கிராம்தான். டெக் 640 கிராம், ஆகவே கையில் பெரிய வித்தியாசம் தெரியாது.

டெக்கை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு முதல் காரணம் ஒரு சின்ன செட்டிங்: ஃபிரேம் வரம்பு. வலது பக்கம் மூன்று புள்ளி போட்ட பட்டனை அழுத்தினால், கேமுக்கு மேலேயே ஒரு பட்டி திறக்கும். அதில் 40 என்று வைத்துவிடுவேன். 30க்கும் 60க்கும் நடுவில் இருப்பது 45 அல்லவா, 40 எதற்கு என்று தோன்றும். நேரத்தில் அளந்து பார்த்தால் கணக்கு வேறு. 30 எஃப்பிஎஸ்ஸில் ஒரு ஃபிரேம் 33.3 மில்லி விநாடி, 60இல் 16.7. இரண்டுக்கும் சரிபாதி 25 மில்லி விநாடி, அதாவது 40 எஃப்பிஎஸ். கை அசைவுக்கும் திரைக்கும் இடையிலான இழுவையில் 30க்கும் 60க்கும் உள்ள வித்தியாசம் பாதி குறைந்துவிடுகிறது, சிப்போ 60க்கு ஆகும் பாட்டில் மூன்றில் இரண்டு பங்குதான் படுகிறது. எல்டன் ரிங்கில் இதைப் போட்டுப் பாருங்கள். திறந்த வெளியில் சில இடங்களில் 40க்குக் கீழே விழும், ஆனால் குதிரையைத் திருப்பும்போது 30இல் இருந்த அந்த மந்தம் காணாமல் போயிருக்கும். மின்விசிறிச் சத்தமும் தணியும். ஸ்விட்ச் 2இலும் இதே யோசனை வந்துவிட்டது: சைபர்பங்க் 2077இல் 40 எஃப்பிஎஸ்ஸுக்கென்றே ஒரு மோட் வைத்திருக்கிறார்கள். அல்லைக்கு இது அவ்வளவு தேவையும் இல்லை. அதன் திரை விஆர்ஆர் கொண்டது, ஃபிரேம் ஏறினாலும் இறங்கினாலும் திரை கூடவே ஒத்துப்போகும். டெக்கில் விஆர்ஆர் இல்லை, அது ஒரு குறைதான். ஆனால் ஓலெட்டின் கறுப்பைப் பார்த்த பிறகு, இரவில் விளக்கணைத்து ஆடும்போது எல்சிடியின் சாம்பல் நிறத்துக்குத் திரும்ப மனம் வராது.

இரண்டாவது காரணம் இன்னும் பெரியது: தூங்கி எழும் பழக்கம். தாம்பரத்திலிருந்து பீச் போகும் ரயிலில் பல்லாவரம் தாண்டி உட்கார இடம் கிடைத்தால், கிண்டியில் கூட்டம் ஏறும் வரை கொஞ்ச நேரம் நிம்மதியாக ஆடலாம். டெக்கின் பவர் பட்டனைத் தட்டினால் சண்டையின் நடுவில் அப்படியே உறைந்து நிற்கும். சாயங்காலம் திரும்ப வரும்போது மறுபடி தட்டினால், ஓங்கிய வாள் ஓங்கியபடியே இருக்கும். சேவ் பாயிண்ட் வரைக்கும் ஓட வேண்டியதில்லை. ஸ்விட்ச் 2017இலிருந்தே இதைப் பிசகில்லாமல் செய்கிறது, ஸ்விட்ச் 2உம் அப்படித்தான். அல்லை மாதிரி விண்டோஸ் வைத்த கருவிகளில் மட்டும் இந்த நம்பிக்கை எனக்கு இன்னும் வரவில்லை. சில கேம் எழும்போது மூடிக்கொள்ளும், சில சமயம் சத்தம் வராது, சில சமயம் கருவி பைக்குள்ளேயே விழித்துக்கொண்டு சூடாகியிருக்கும். வேலை, குடும்பம் என்று இருப்பவருக்குக் கிடைப்பதே துண்டு துண்டான நேரம். அதில் ஐந்து நிமிடம் மறுபடி லோடாவதிலேயே போனால், அல்லை கூடுதலாகத் தரும் இருபது எஃப்பிஎஸ்ஸை வைத்து என்ன செய்வது?

விண்டோஸின் அந்தப் பொடிப்பொடி ஐகான்களை ஏழு அங்குலத்தில் விரலால் தொடுவதும் தலைவலிதான். மைக்ரோசாஃப்ட்டும் இதைப் புரிந்துகொண்டுவிட்டது. 2025 அக்டோபரில் வந்த ராக் எக்ஸ்பாக்ஸ் அல்லை கருவிகளில் டெஸ்க்டாப்பை ஓரங்கட்டிவிட்டு நேராக எக்ஸ்பாக்ஸ் திரையில் திறக்கும் முறை இருக்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் அடியில் இருப்பது அதே விண்டோஸ்தான். அப்டேட் வந்தால் கீபோர்டு, மவுஸ் கேட்கும் அந்த முகம் எங்காவது எட்டிப் பார்த்துவிடும்.

ஸ்விட்ச் 2இன் கதை தனி. 2025 ஜூன் 5இல் 450 டாலருக்கு வந்தது, முதல் நான்கு நாளிலேயே 35 லட்சம் விற்றதாக நின்டெண்டோ அறிவித்தது. பேட்டரி 5,220 எம்ஏஎச், வாட்-அவரில் சொன்னால் சுமார் 20. டெக்கில் இருப்பதில் பாதிகூட இல்லை. அதை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரத்திலிருந்து ஆறரை மணி நேரம் வரை என்கிறார்கள். என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் இங்கே பெரிய உதவி. சிப் சின்னப் படமாக வரைகிறது, அதைப் பெரிதாக்கித் தெளிவாக்கும் வேலையை டிஎல்எஸ்எஸ் பார்த்துக்கொள்கிறது. ஒரே கருவிக்கென்று கேமை இழைத்து இழைத்துச் செய்வதன் பலனும் தெரிகிறது. நான் பார்த்ததில் அதன் பலவீனம் திரை. 7.9 அங்குலம், 1080பி, 120 ஹெர்ட்ஸ் என்று எண்கள் நன்றாக இருந்தாலும், வேகமாக நகரும் காட்சியில் உருவங்கள் இழுத்துக்கொண்டு கலங்குகின்றன. முந்தைய ஸ்விட்ச் ஓலெட்டிலிருந்து வருபவர்களுக்கு இது பளிச்சென்று தெரியும்.

ஆனால் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் ஜாய்-கான் கன்ட்ரோலர்களைக் கழற்றி அண்ணனுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று கொடுத்து, பின்னாலிருக்கும் ஸ்டாண்டை விரித்து மேசையில் நிறுத்தினால் உடனே மரியோ கார்ட் ஆரம்பிக்கலாம். வேறு கன்ட்ரோலர் வாங்க வேண்டாம், எதையும் செட்டப் செய்ய வேண்டாம். டெக்கிலும் அல்லையிலும் இதைச் செய்ய முடியாது. பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இதைவிட நல்ல கருவி இல்லை என்று சத்தியமாகச் சொல்வேன். செலவைத்தான் யோசிக்க வேண்டும். மரியோ கார்ட் வேர்ல்டின் விலை 80 டாலர். நின்டெண்டோ தன் சொந்த கேம்களுக்குப் பெரிய தள்ளுபடி தருவதே அபூர்வம். டெக்குக்கு கேம் வாங்கும் வால்வின் ஆன்லைன் கடையான ஸ்டீமிலோ ரூபாயிலேயே விலை இருக்கும், கோடைக்கால சேலில் நல்ல கேம்கள் சில நூறு ரூபாய்க்கு இறங்கிவிடும். ஏற்கெனவே கணினியில் வாங்கி வைத்த கேம்களும் டெக்கில் அப்படியே வரும். மூன்று வருடக் கணக்கு போட்டால் கருவியின் விலையைவிட கேம்களின் விலைதான் பையைக் கடிக்கும்.

இந்தியாவில் வாங்குவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. டெக்கும் ஸ்விட்ச் 2உம் இங்கே அதிகாரபூர்வமாக விற்பனைக்கு இல்லை. இறக்குமதிக் கடைகளில் கிடைக்கும், அல்லது வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர் கொண்டுவர வேண்டும். கடைக்காரர் கொடுக்கும் வாரன்டி அந்தக் கடையோடு சரி. நின்டெண்டோவின் ஆன்லைன் கடையும் இந்தியாவுக்கென்று இல்லை, வேறு நாட்டின் பெயரில் கணக்கு தொடங்கி, கிஃப்ட் கார்டு வாங்கி ஓட்ட வேண்டும். ராக் அல்லை எக்ஸ் 89,990 ரூபாய்க்கு நேரடியாக இங்கேயே வந்தது. பில், ஜிஎஸ்டி, சர்வீஸ் சென்டர் எல்லாம் உண்டு. சேர்த்து வைத்த காசில் ஒரே ஒரு முறை வாங்குகிறவர், பழுது வந்தால் என்ன செய்வது என்று பயப்படுகிறவர், அல்லையைத் தேர்ந்தெடுத்தால் நான் குறுக்கே பேசமாட்டேன். டெக்கின் பக்கம் சொல்ல ஒன்று உண்டு: பின்மூடியை எட்டு திருகாணிகளில் கழற்றிவிடலாம், ஸ்டிக், மின்விசிறி என்று உதிரி பாகங்களை ஐஃபிக்ஸிட் என்ற கம்பெனி தனித்தனியாக விற்கிறது. கையில் கொஞ்சம் தொழில் இருந்தால் போதும். அந்தப் பாகங்களையும் வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

டெக் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்வது ஒரு கூட்டத்துக்கு மட்டும்: வேலரன்ட், ஃபோர்ட்நைட், கால் ஆஃப் டியூட்டி ஆடுகிறவர்களுக்கு. டெக்கில் ஓடுவது ஸ்டீம் ஓஎஸ் என்ற வால்வின் லினக்ஸ். விண்டோஸ் கேம்களை புரோட்டான் என்ற இடைப்பட்ட மென்பொருள் ஓட வைக்கிறது, அதில் பிரமாதமாகவும் ஓடுகின்றன. ஆனால் இந்த கேம்களின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் லினக்ஸை உள்ளே விடுவதில்லை. ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் முன்பு ஓடிக்கொண்டிருந்தது, 2024இன் கடைசியில் அதுவும் கதவைச் சாத்தியது. ஜிடிஏ ஆன்லைனும் அதே ஆண்டு போய்விட்டது. நண்பர்கள் கூட்டத்தோடு தினமும் இவற்றில் ஒன்றை ஆடுகிறவர் யோசிக்காமல் அல்லை எக்ஸ் வாங்கலாம்.

2025 மே மாதம் லெனோவோ தன் லீஜியன் கோ எஸ் கருவியை ஸ்டீம் ஓஎஸ்ஸோடு விற்கத் தொடங்கியது. வால்வ் அல்லாத கம்பெனி ஒன்று அதை அதிகாரபூர்வமாகப் போட்டுக் கொடுத்தது அதுதான் முதல் முறை. அதே கருவியின் விண்டோஸ் வடிவத்தோடு பக்கத்தில் வைத்துச் சோதித்தவர்கள், பல கேம்களில் ஸ்டீம் ஓஎஸ் கூடுதல் எஃப்பிஎஸ் தருவதைக் காட்டினார்கள். அல்லையிலும் அதை நாமே ஏற்ற முடியும், ஸ்டீம் ஓஎஸ் 3.7இலிருந்து ஒத்துழைப்பும் கூடியிருக்கிறது. இங்கே பில்லோடு வாங்கிய அல்லை எக்ஸில், 80 வாட்-அவர் பேட்டரியோடு, டெக்கின் அந்த மூன்று புள்ளிப் பட்டி கிடைப்பது எனக்கு ரொம்பப் பிடித்த சேர்க்கை. முயன்று பார்ப்பவர்கள் பழைய எஸ்எஸ்டியை அழிக்காமல் கழற்றி வைத்துவிட்டு, வேறொரு எம்.2 2280 எஸ்எஸ்டியைப் போட்டு அதில் ஏற்றுங்கள். ஒத்துவரவில்லை என்றால் பழையதை மாட்டியதும் விண்டோஸ் இருந்தபடியே திரும்ப வந்துவிடும்.