முதியவர் இருக்கும் வீட்டுக்கு விரல்நுனி ஆக்சிமீட்டர் தேவையா?

கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில், அதிலும் 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கு மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தபோது, பலர் அவசர அவசரமாக வாங்கிப் பின்னர் இழுப்பறையில் போட்டு மறந்துவிட்ட பொருள்களுள், இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை விழுக்காடு இருக்கிறது என்று காட்டும் விரல்நுனி ஆக்சிமீட்டரும் ஒன்று. முதியவர் இருக்கும் வீட்டில் அது கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால், அது காட்டும் எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது, குறிப்பாக நம்மைப் போன்ற கருத்த நிறத்தவர்கள் நம்பக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸ் மருந்துக்கடை ஒன்றில் நூறு வெள்ளிக்கும் குறைவாக வாங்கிய கருவி ஒன்றை, நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உள்ள என் தாயாருக்காகப் பயன்படுத்தி வருகிறேன். அவருக்கு வயது எழுபத்தெட்டு.

வெப்பமானி இருக்கும்போது இன்னொரு கருவி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பெருந்தொற்றின்போது கடைவாசல்தோறும் நெற்றிக்கு நேரே வெப்பமானியை நீட்டினார்கள். முதியவர்களிடத்தில் அந்தச் சோதனை அவ்வளவாகப் பயன்படாது. வயது ஏற ஏற, கிருமி தொற்றினாலும் காய்ச்சல் சரிவர எழும்பாமல் போவதுண்டு. இருமலுக்கு முன்பே சாப்பாடு இறங்காமை, எந்நேரமும் தூக்கம், காரணமில்லாமல் விழுதல், திடீரென ஆளையும் நேரத்தையும் குழப்பிக்கொள்ளுதல் போன்றவை தென்படலாம். வீட்டிலுள்ளவர்கள் அதை வயதின் தளர்ச்சி என்று எண்ணி நாளைக் கடத்திவிடுவார்கள். அதைவிடவும் ஆபத்தானது, ஆக்சிஜன் குறைவது நோயாளிக்கே தெரியாமல் போவது. மூச்சு முட்டும் உணர்வைத் தூண்டுவது பெரும்பாலும் இரத்தத்தில் சேரும் கரியமிலவாயு. கோவிட் நிமோனியாவின் தொடக்கத்தில் அந்த வாயு வெளியேறிக்கொண்டே இருக்கும், ஆக்சிஜன் மட்டும் இறங்கும். ஆக்சிஜன் குறைவை உணர்ந்து மூச்சை விரைவுபடுத்தும் உடலின் எச்சரிக்கையும் முதுமையில் மந்தமாகிறது. நீரிழிவு அதை மேலும் மந்தமாக்குகிறது. 'எனக்கு ஒன்றுமில்லை, சும்மா இரு' என்று அம்மா சொல்வது உண்மையாகவே அவருக்கு ஒன்றும் தெரியாததால் இருக்கலாம்.

நம் சுகாதார அமைச்சு கோவிட் நோயாளிகளை ஐந்து கட்டங்களாகப் பிரித்திருந்தது. அவற்றுள் மூன்றாவது, நிமோனியா இருந்தும் ஆக்சிஜன் தேவைப்படாத நிலை; நான்காவது, ஆக்சிஜன் கொடுத்தாக வேண்டிய நிலை. வீட்டில் படுத்திருக்கும் முதியவர் மூன்றாம் கட்டத்திலிருந்து நான்காம் கட்டத்துக்குச் சரிவதைக் காலத்தில் கண்டுகொள்வதுதான் இக்கருவியிடம் நாம் எதிர்பார்க்கும் வேலை.

ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அயோயாகி 1970களில் கண்டறிந்த முறையில்தான் இது இயங்குகிறது. பெருந்தொற்று பரவத் தொடங்கியிருந்த 2020 ஏப்ரலில் அவர் காலமானார். விரலின் ஒரு பக்கத்திலிருந்து சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் பாய்கின்றன. ஆக்சிஜனைச் சுமந்த குருதியும் சுமக்காத குருதியும் அவற்றை வெவ்வேறு அளவில் உறிஞ்சுவதால், மறுபக்கம் வந்து சேரும் ஒளியைக் கொண்டு விழுக்காடு கணிக்கப்படுகிறது. சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. தோலின் நிறமியும் ஒளியை உறிஞ்சும். மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில் உண்மையான அளவு 88க்கும் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் ஏறத்தாழ 12 விழுக்காடு, வெள்ளையரின் அளவீடுகளில் ஏறத்தாழ 4 விழுக்காடு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் 2021 பிப்ரவரியில் இது குறித்து எச்சரித்தது. தன் அனுமதி பெற்ற கருவியே 90 காட்டினாலும் உண்மை அளவு 86 முதல் 94 வரை இருக்கலாம் என்றது. கருத்த மேனியுடைய நம் பெரியவர்களுக்கு 95 என்று திரையில் வந்தால் நிம்மதி கொள்ளாமல், நேற்று 98 இருந்ததா என்று பார்ப்பதே முறை. ஆகவே, நலமாக இருக்கும் நாட்களிலேயே வழக்கமான அளவைக் குறித்து வைத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது சுவரிலுள்ள தமிழ் நாட்காட்டியின் ஓரத்தில், இராகு காலத்துக்குக் கீழே எழுதப்படுகிறது.

இனி நான் வாங்கிய கருவியைப் பற்றி. விரலை நுழைத்ததும் தானே இயங்கி, விரலை எடுத்த சில நொடிகளில் அணைந்துவிடுவது வசதி. திரை பிரகாசமானது. ஆனால், ஆக்சிஜன் விழுக்காடும் நாடித்துடிப்பும் ஒரே அளவு எழுத்தில் அருகருகே வருவதால், 'எழுபத்தாறா?' என்று அம்மா பதறியது நாடித்துடிப்பைப் பார்த்துத்தான். முதியவர்களுக்கென்று விற்கப்படும் பொருளில் இது மன்னிக்க முடியாத அமைப்பு. மின்கல மூடியோ இன்னும் மோசம். நகம் உள்ளவர்களாலேயே திறக்க முடிவதில்லை, விரல் நடுங்கும் ஒருவரால் எப்படி முடியும்?

ஒரு நாள் பாத்திரம் கழுவிய கையோடு அம்மா விரலை நீட்ட, 89 என்று வந்தது. உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, விசிறியை நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து வேறு விரலில் பார்த்தபோது 97. விரல் குளிர்ந்திருந்தால் இரத்த ஓட்டம் குறைந்து கருவி தடுமாறும். துடிப்பைக் காட்டும் சிறு பட்டை சீராக ஏறி இறங்கும் வரை எண்ணைப் படிக்கக் கூடாது என்பதைக் கையேட்டில் எங்கோ பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நகச்சாயமும் அடர்ந்த கறுப்பு மருதாணியும் ஒளியை மறிக்கும். இருதயத் துடிப்பு தாறுமாறாக உள்ளவர்களுக்கு எண் ஆடிக்கொண்டே இருக்கும். அவர்கள் மருத்துவரைக் கேட்டே வாங்கலாம்.

கையைச் சூடாக்கிப் பார்த்த பிறகும் 95க்குக் கீழே நின்றால் காத்திருக்கக் கூடாது. நுரையீரல் நோய் முன்பே உள்ளவர்களுக்கு மட்டும் எல்லை வேறு, அதை மருத்துவர் சொல்ல வேண்டும். எண் நன்றாகவே இருந்து, ஆள் மட்டும் குழம்பிப் பேசினாலோ எழுப்பினால் எழாமல் கிடந்தாலோ எண்ணை ஒதுக்கிவிட்டு 999ஐ அழைக்க வேண்டும். கோவிட் கிருமிக்கான மாத்திரைகளும் அறிகுறி தோன்றிய ஐந்து நாட்களுக்குள் தொடங்கினால்தான் பயன் தரும் என்பதால், ஆக்சிஜன் இறங்கும் வரை பொறுத்திருந்து கிளினிக்குக்குப் போவதும் தவறு. கருவி கையில் இருப்பதாலேயே பரிசோதனையைத் தள்ளிப்போடும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

வாங்கும்போது மலேசிய மருத்துவச் சாதன வாரியத்தில் பதிவு பெற்றதா என்று பாருங்கள். 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்பதிவு கட்டாயம். விளையாட்டு வீரர்களுக்கானது, நோய்க்கணிப்புக்கு அல்ல என்று பெட்டியின் பின்புறம் எழுதியிருப்பவை இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன, அவற்றைத் தொட வேண்டாம். கைப்பேசியுடன் இணையும் விலையுயர்ந்த வகையும் தேவையில்லை. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் தினமும் பார்க்க விரும்பினால் மட்டும் அதற்குப் பொருள் உண்டு. நான் வாங்கியதற்கு ஐந்தில் மூன்று புள்ளிகள் கொடுப்பேன். ஒன்றைத் திரைக்காகக் குறைத்தேன், மற்றொன்றை அந்த மூடிக்காக.