7 கிலோ போர்வை: ராத்திரிக்கு நண்பன், விடியலுக்கு எதிரி

வெயிட்டட் பிளாங்கெட், அதாவது பதற்றம் தணிந்து தூக்கம் வர என்று விற்கிற கனமான போர்வை, வாங்கலாமா என்று ஆபீஸ் நண்பன் போன வாரம் கேட்டான். ஆன்லைனில் விலை இறங்கியிருக்கிறதாம். நான் வாங்கும்போது 5,000 ரூபாயைத் தொட்டுக்கொண்டிருந்த 7 கிலோ போர்வை இப்போது 3,000-க்குள் வந்துவிட்டது. வேறொரு நாள் கேட்டிருந்தால் "வாங்கு மாப்ள" என்று முடித்திருப்பேன். அன்று காலைதான் என் போர்வையில் ஒரு கட்டத்துத் தையல் விட்டுப்போய், உள்ளேயிருந்த கண்ணாடி மணி படுக்கையறை முழுக்கக் கொட்டியிருந்தது. ரவை சைஸில் இருக்கும். துடைப்பத்துக்குச் சிக்காது, வெறுங்காலுக்கு மட்டும் தப்பாமல் சிக்கும்.

தெருமுனைத் தையல்காரர் முதலில் கையே வைக்க மாட்டேன் என்றார். "மெஷின்ல ஏத்துனா கண்ணாடி பட்டு ஊசி உடையும் சார்." பிறகு மனமிரங்கி, கையாலேயே இரட்டை நூலில் தைத்துக் கொடுத்தார். விற்ற கடையில் கேட்டதற்கு வாரண்டி முடிந்துவிட்டது என்று ஒரு சிரிப்பு பொம்மையோடு பதில் வந்தது. மன அமைதிக்கான பொருளை விற்கிறவர்களுக்கு நம்மைக் கொதிக்க வைப்பது எப்படி என்றும் தெரிந்திருக்கிறது. ஆக, இதை நான் நல்ல மூடில் எழுதவில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

எனக்கு இது எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். திருவரங்கத்தில் வீடு, திருச்சியில் கணக்கு வேலை. மாதா மாதம் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனைக் கணக்கு), 20-ஆம் தேதிக்குள் 3பி (வரி கட்டும் ரிட்டர்ன்), செப்டம்பர் வந்தால் ஆடிட் ரிப்போர்ட். 19-ஆம் தேதி ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வரும். எந்தப் பார்ட்டியின் இன்புட் கிரெடிட்டை (வாங்கும்போது கட்டிய வரிக்கான கழிவை) விட்டோம் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். எல்லோருக்கும் வருகிற டென்ஷன்தானே என்று கொஞ்ச காலம் ஓட்டினேன். 21-ஆம் தேதியும் அதே அடிப்பு நிற்காமல் போனபிறகு டாக்டரிடம் போனேன். பதற்ற நோய், கூடவே மனச்சோர்வும் இருக்கிறது என்றார். எஸ்சிட்டலோபிராம் என்ற மாத்திரை எழுதிக் கொடுத்து, முழுப் பலன் தெரியச் சில வாரம் ஆகும், அதுவரை பொறுமை என்றார். அந்தச் சில வாரத்து ராத்திரிகளைத் தள்ளத்தான் இந்தப் போர்வை. டாக்டர் சிபாரிசும் செய்யவில்லை, தடுக்கவும் இல்லை. ஆஸ்துமா உண்டா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருமா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும், "போர்த்திக்கங்க, மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க" என்றார்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் விட்டுப்போகும்.

மூன்று மணி விழிப்பில் இது வேலை செய்கிறது. நினைப்பு நிற்காது, அதே பார்ட்டி, அதே பில் நம்பர்தான் ஓடும். ஆனால் உடம்பு அந்த நினைப்பின் பின்னால் ஓடாது. எனக்குப் பதற்றம் என்றால் முதலில் காலில்தான் தெரியும். முழங்கால் ஆடும், புரள்வேன், எழுந்து உட்காருவேன், தண்ணீர் குடிப்பேன், பிறகு தூக்கம் போயே போய்விடும். தொடை மேலும் வயிற்றின் மேலும் ஒரே சீராகப் பாரம் உட்கார்ந்திருந்தால் புரள்வதே ஒரு வேலையாகிவிடுகிறது. அப்படியே கிடந்து, உள்ளிழுப்பதைவிட மூச்சை நீளமாக வெளியே விட்டுக்கொண்டிருந்தால், எப்போது தூங்கினேன் என்று தெரியாமல் விடியும்.

யாருமே சொல்லாத இன்னொரு லாபம், போன். தலைமாட்டில் இருக்கும் போனை எடுக்க வேண்டுமானால் இந்தப் பாரத்துக்குள்ளிருந்து கையை உருவி, பாதிப் போர்வையைத் தள்ள வேண்டும். சோம்பேறித்தனம் ஜெயித்துவிடும். மூன்று மணிக்கு வாட்ஸப் குரூப்பில் டியூ டேட் தள்ளிப்போகிறதாமே என்ற வதந்தியைத் தேடிப் படிக்காமல் இருப்பதே எனக்குப் பாதி வைத்தியம். இதை எந்த விளம்பரத்திலும் பார்த்ததில்லை.

விளம்பரத்தில் பார்ப்பதெல்லாம் வேறு. ஸ்ட்ரெஸ் ஹார்மோனைக் குறைக்கும், மனச்சோர்வைப் போக்கும், இத்யாதி. கொஞ்சம் தேடிப் படித்தேன், தொழில் புத்தி, வவுச்சர் இல்லாமல் நம்பாது. 2020-இல் ஸ்வீடனில் 120 பேரை வைத்து நடந்த ஆய்வு உருப்படியானது. மனச்சோர்வு, பைபோலார் (மனநிலை ஏறி இறங்கும் நோய்), பதற்றம், ஏடிஎச்டி (கவனக்குறைவு) என்று ஏதோ ஒன்றோடு தூக்கமின்மையும் இருந்தவர்கள். நான்கு வாரம் ஒரு பாதிக்குக் கனமான போர்வை, மறுபாதிக்கு லேசானது. கனமானதைப் போர்த்தியவர்களுக்குத் தூக்கம் நன்றாகவே தேறியது, பகலில் சோர்வும் பதற்றமும்கூடக் குறைந்தது. ஆனால் அது மணிப் போர்வை இல்லை, உள்ளே உலோகச் சங்கிலி கோத்தது. போர்த்தியவருக்குக் கனம் தெரியாமல் மறைக்கவும் வழியில்லை. 2022-இல் அதே நாட்டில் உப்சாலா பல்கலைக்கழகத்தில் 26 இளைஞர்களை வைத்துச் செய்த சிறிய ஆய்வில் மெலட்டோனின் என்ற தூக்க ஹார்மோன் கூடியது. விளம்பரக்காரர்கள் சத்தியம் பண்ணும் ஸ்ட்ரெஸ் ஹார்மோன் கார்ட்டிசோலில் மாற்றமில்லை. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று சொல்கிறார்களே, அதுவும் கடைக்காரர் கணக்குத்தான். எனக்கு 7 கிலோ சரிப்பட்டது. என் மனைவி ஒரே ராத்திரி போர்த்திப் பார்த்து, "என்னங்க இது, யாரோ மேல உக்காந்த மாதிரி இருக்கு" என்று எழுந்து ஹாலுக்குப் போய்விட்டாள். கட்டிப்போட்டது போல் உணர்பவர்களுக்குப் பதற்றம் கூடத்தான் செய்யும்.

ஸ்வீடன் என்றதும் வெயில் ஞாபகம் வருகிறது. திருச்சி மே மாதத்தில் மெல்லிய பருத்தி வேட்டியே பாரம். அதில் 7 கிலோவைப் போர்த்த ஏசி இல்லாமல் முடியாது. ஏசி ராத்திரி முழுக்க ஓடினால் இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டும். தாண்டினால் கட்டண அடுக்கே மாறும் என்பது இங்கே எல்லா வீட்டுக்கும் மனப்பாடம். மன அழுத்தத்தைக் குறைக்க வாங்கிய பொருள் கரண்ட் பில் வழியாக அதைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தது. பங்குனியில் மடித்து லாஃப்ட்டில் ஏற்றினால் ஆடிக் காற்று வந்தபிறகுதான் இறக்குகிறேன். வருடத்தில் நாலைந்து மாதம் உதவாத பொருள் என்று நண்பனிடம் இதைத்தான் முதலில் சொன்னேன்.

துவைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். எங்கள் வாஷிங் மெஷின் 6.5 கிலோ. போர்வை காய்ந்திருக்கும்போதே 7.

இனி என் உண்மையான சண்டைக்கு வருகிறேன். காலை.

பதற்றமும் மனச்சோர்வும் ஒரே பெட்டியில் வைத்து விற்கப்படுகின்றன, "ஸ்ட்ரெஸ், ஆங்சைட்டி, டிப்ரஷன்" என்று ஒரே மூச்சில். எனக்கு இரண்டும் இருந்ததால் சொல்கிறேன், இரண்டும் உடம்பை எதிரெதிர்த் திசையில் இழுக்கும். ராத்திரி என்னைப் படுக்க விடாதது பதற்றம். காலையில் எழ விடாதது மனச்சோர்வு. முன்னதற்கு எது மருந்தோ அது பின்னதற்குக் கூட்டாளி. ஆறு மணிக்கு அலாரம் அடிக்கும்போது "எழுந்து என்ன ஆகப்போகிறது" என்று மனசு கேட்கும், மேலே இருக்கும் பாரமும் அதையே கேட்கும். இரண்டும் ஒரே கட்சி. எழுந்தால் பல் தேய்க்க வேண்டும், பேச வேண்டும், பால் வாங்க வேண்டும். கிடந்தால் இதமாக இருக்கும். அந்த இதம்தான் எனக்குப் பயம். ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானம் வரை கிடந்திருக்கிறேன். தூக்கம் இல்லை, ஓய்வும் இல்லை, சும்மா கிடப்பது. அப்படிக் கிடந்த நாளின் சாயங்காலம் இருக்கிறதே, அது 19-ஆம் தேதி ராத்திரியைவிட மோசம்.

கவுன்சலிங்கில் இதைச் சொன்னபோது அந்த அம்மா என் போர்வையைத் திட்டவில்லை. மனசு சரியானதும் எழலாம் என்று காத்திருக்காதீர்கள், முதலில் எழுந்து ஏதாவது சின்ன வேலையைச் செய்யுங்கள், மனசு பின்னால் வரும் என்றார். மனச்சோர்வுக்கு இது நிரூபணமான சிகிச்சை முறைகளில் ஒன்றாம். கேட்கும்போது எரிச்சலாகத்தான் இருந்தது. எழ முடியாதவனிடம் எழு என்பதா? "எழுந்திரிக்க வேணாம். போர்வையை மட்டும் காலால தள்ளுங்க. இன்னைக்கு அது போதும்" என்றார்.

அதைத்தான் செய்கிறேன். இப்போது வீட்டில் ஒரு சட்டம், அலாரம் அடித்த கையோடு போர்வை நாற்காலிக்குப் போக வேண்டும். என்னால் முடியாத அன்று மனைவி வந்து உருவிவிடுவாள், பேச்சே கிடையாது. பகலில் அது கட்டிலுக்குத் திரும்பக் கூடாது. போர்வை போனதும் உடம்பு திடீரென்று லேசாக இருக்கும், அந்த ஒரு நிமிஷத்துக்குள் செருப்பை மாட்டிவிட வேண்டும். சித்திரை வீதியில் ஒரு சுற்று நடந்தால் போதும். கோலம் போடுகிறவர்கள், பூக்கட்டுகிறவர்கள், தண்ணீர் லாரி என்று ஊர் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். யாரோடும் பேச வேண்டியதில்லை. அந்த நடைக்கு ஒரு பைசா செலவில்லை. என் சோர்வுக்கு அது செய்திருப்பதில் கால்வாசி இந்தப் போர்வை செய்திருக்காது. நடைக்கு யாரும் டிஸ்கவுண்ட் விளம்பரம் போடுவதில்லை, அதனால் யாரும் ரிவ்யூவும் எழுதுவதில்லை.

போர்வை அறவே உதவாத ராத்திரிகளும் உண்டு. எல்லாம் வீண், நான் இல்லாவிட்டால் என்ன என்கிற திசையில் நினைப்பு போனால், அது போர்த்திக்கொண்டு கடக்கும் விஷயமே இல்லை. வீட்டில் இருப்பவரை எழுப்புங்கள். 14416-க்கு அடியுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ், இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

நண்பனுக்கு என்ன சொல்ல? தூக்கம் வராதவன், நெஞ்சு அடித்துக்கொள்பவன், ஏசி இருப்பவன் என்றால் வாங்கலாம். வாங்கினால் சின்னச் சின்னக் கட்டமாக, இரட்டைத் தையல் போட்டதாகப் பார். பெரிய கட்டம் என்றால் மணியெல்லாம் ஒரு ஓரத்துக்கு ஓடிவிடும், பாரம் கால்மாட்டில் சேர்ந்து நெஞ்சு வெறுமையாகக் கிடக்கும். காலையில் எழ முடியாதவன் என்றால் தொடாதே. அவன் எந்த வகை என்று எனக்குத் தெரியும், இரண்டாவது வகை. அதனால் வேண்டாம் என்றேன். "நீ மட்டும் வெச்சிருக்கியே" என்றான்.

வைத்திருக்கிறேன். மார்க் போடச் சொன்னால் ஐந்துக்கு இரண்டு. இன்றைக்குத் தையல் கூலி கொடுத்த கடுப்பில் ஒன்றரை. ஒரு வாரம் கடன் கொடு, போர்த்திப் பார்க்கிறேன் என்றும் கேட்டான். தேதி 17. பரணில் அம்மாவின் பவானி ஜமுக்காளம் இரண்டு கிடக்கிறது. நான்காக மடித்துக் காலிலிருந்து வயிறு வரை போட்டுப் படுத்துப் பார், பாரம் உனக்கு ஒத்துக்கொள்கிறதா என்று ஒரே ராத்திரியில் தெரிந்துவிடும் என்று அதை எடுத்துக் கொடுத்தேன். என் போர்வையைத் தரவில்லை.