வீட்டில் கட்டிய மரப்படகு: ஆறு வருடம் ஓட்டிய பிறகு

ஆறு வருடங்களுக்கு முன் ஒரு சின்னத் துடுப்புப் படகை வீட்டிலேயே கட்டினேன். 11 அடி நீளம், 6 மி.மீ. மரைன் பிளைவுட் (தண்ணீர் தாங்கும் பசையால் ஒட்டிய ஒட்டுப்பலகை), எபாக்சி (இரண்டு திரவங்களைக் கலந்து குழைக்கும், கெட்டியாக இறுகும் பசை), மூலைகளில் கண்ணாடியிழை நாடா, அவ்வளவுதான். கட்டி முடித்த மாதம் எழுதியிருந்தால் அதன் வடிவத்தைப் பற்றியும் மெருகைப் பற்றியும் எழுதியிருப்பேன். இப்போது எழுதும்போது சொல்ல வேண்டியதெல்லாம் தண்ணீர் எங்கே நுழைந்தது என்பதைப் பற்றித்தான், ஏனென்றால் இந்த ஆறு வருடத்தில் படகு எங்கேயும் உடையவில்லை, வளையவில்லை, மூட்டு ஒன்றுகூட விடவில்லை. மரம் கெட்டுப்போன ஒவ்வொரு இடமும் பலகையின் வெட்டு விளிம்பையோ ஸ்க்ரூ துளையையோ நான் சரியாக மூடாமல் விட்ட இடம்.

முதல் படகு கட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது கம்பியால் தைத்து ஒட்டும் முறையைத்தான். பலகைகளை வரைபடத்தின்படி வெட்டி, ஓரங்களில் துளை போட்டு, செப்புக் கம்பியால் சேர்த்து முறுக்கினால், தட்டையாகக் கிடந்த பலகைகள் தாமாகவே வளைந்து படகாக எழுந்து நிற்கும். அந்த ஒரு மாலை நேரம் மறக்கவே மறக்காது. இது நன்றாகத் தேறிய முறை. இங்கிலாந்தில் 1962இல் ஜாக் ஹோல்ட்டும் பேரி பக்னெல்லும் உருவாக்கிய மிரர் டிங்கி என்ற பாய்மரப் படகு இந்த முறையில்தான் வந்தது, தச்சு வேலை தெரியாதவர்கள் வீட்டில் கட்டுவதற்காகவே செய்தது, உலகம் முழுக்கப் பல்லாயிரக்கணக்கில் கட்டினார்கள்.

ஒரு பிளைவுட் பலகை 8 அடி நீளம்தான் இருக்கும், படகு அதைவிட நீளம் என்றால் இரண்டைச் சேர்த்தாக வேண்டும். இங்கேதான் பலர் பயப்படுகிறார்கள், தேவையில்லை. இரண்டு பலகையின் முனைகளையும் சரிவாக இழைத்து ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்ட வேண்டும், சரிவு கனத்தைப் போல எட்டு மடங்கு, அதாவது 6 மி.மீ. பலகைக்கு 48 மி.மீ. இரண்டையும் படிக்கட்டு மாதிரி அடுக்கி, மேசை விளிம்பில் இறுக்கிக் கட்டி, ஒரே இழைப்பாக இழைத்துவிடலாம். பிளைவுட்டின் அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் பசைக் கோடுகள் இழைக்க இழைக்கப் பட்டை பட்டையாக வெளியே தெரியும், அந்தப் பட்டைகள் நேராகவும் ஒரே அகலத்திலும் இருந்தால் சரிவு சரி, ஓர் இடத்தில் பட்டை அகலமாகப் போனால் அங்கே சரிவு தாழ்ந்துவிட்டது என்று அர்த்தம். அளவுகோலைவிட இந்தக் கோடுகளைத்தான் நான் நம்பினேன். ஒட்டும்போது கிளாம்ப்பை ரொம்ப இறுக்கக் கூடாது, பசையெல்லாம் பிதுங்கி வெளியே வந்து மூட்டு பட்டினியாகிவிடும்.

தைத்து முடித்ததும், மூட்டுகளை ஒட்ட உடனே எபாக்சியைக் குழைக்கத் தோன்றும். ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்தில் ஒரு நேரான குச்சி, பின்பக்கத்தில் ஒன்று, குறுக்கே வைத்துவிட்டுத் தூரத்தில் நின்று ஒரு கண்ணால் பாருங்கள். இரண்டு குச்சியும் இணையாகத் தெரியவில்லை என்றால் படகு முறுக்கிக்கொண்டிருக்கிறது. என் படகில் ஏறக்குறைய 1 செ.மீ. முறுக்கு இருந்தது, நாலைந்து கம்பிகளைத் தளர்த்தி அடியில் ஆப்பு வைத்ததும் சரியானது. பசை இறுகிய பிறகு பார்த்திருந்தால் அந்த முறுக்கு காலத்துக்கும் அப்படியே இருந்திருக்கும், நேராகப் போக ஒரு பக்கத் துடுப்பை எப்போதும் கூடுதலாக வலிக்க வேண்டியிருந்திருக்கும்.

எபாக்சி பற்றி. கலவை விகிதத்தைக் கையாளச் சோம்பல் படாதீர்கள், சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரை (இறுக வைக்கும் இரண்டாவது திரவத்தை) அதிகம் ஊற்றினால் சீக்கிரம் இறுகாது, கடைசிவரை ரப்பர் மாதிரி இருந்துவிடும். குழைத்ததை ஆழமான டப்பாவில் விட்டுவைக்கக் கூடாது, தானே சூடேறிப் புகையும், அகலத் தட்டில் பரப்பினால் வேலை செய்ய நேரம் கிடைக்கும். கையுறை கட்டாயம், தோலில் பட்டதை வினிகரால் துடைக்கவே கூடாது, சோப்பும் தண்ணீரும் போதும். இது அழகுக்குச் சொல்வது இல்லை, எபாக்சி ஒவ்வாமை ஒரு தடவை பிடித்துவிட்டால் அப்புறம் அதைத் தொடவே முடியாமல் போகலாம். உப்புத்தாள் போடும்போது முகமூடி. இன்னொன்று, இறுகிய எபாக்சியின் மேல் சில சமயம் மெழுகு மாதிரி ஒரு படலம் வரும். அது தண்ணீரில் கரைகிற பொருள், முதலில் வெறும் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் உப்புத்தாள் போட வேண்டும். நான் இடது பக்கத்தில் கழுவாமல் தேய்த்தேன். இரண்டாம் வருடம் அந்தப் பக்கத்துப் பெயின்ட் மட்டும் தகடு தகடாக உரிந்தது.

சரி, அந்த ஸ்க்ரூ துளை. மூன்றாம் வருடம், துடுப்பைத் தாங்கும் கவையின் தகட்டுக்குக் கீழே வார்னிஷ் கொஞ்சம் கறுத்திருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தேன், ஊறிய பிஸ்கட் மாதிரி உள்ளே போனது. ஸ்க்ரூவைக் கழற்றியதும் ஓட்டையிலிருந்து பழுப்பாக ஒரு சொட்டுத் தண்ணீர் வழிந்து பலகையில் கோடு போட்டது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. உளியால் சுரண்டச் சுரண்ட உள்ளங்கை அகலத்துக்கு மரம் போயிருந்தது. மேலே எத்தனை கோட் வார்னிஷ் அடித்தும் பயனில்லை, ஸ்க்ரூ போன வழியில் வெறும் மரம் இருந்தது, மழைத்தண்ணீர் அந்த வழியாக இறங்கிவிட்டது. கெட்டதை வெட்டி எடுத்துப் புதுத் துண்டு ஒட்டினேன். அதற்குப் பிறகு எல்லா ஸ்க்ரூவையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, துளையைப் பெரிதாக்கி, எபாக்சியால் முழுக்க நிரப்பி, இறுகிய பிறகு அந்த எபாக்சியின் நடுவில் சின்னத் துளை போட்டுத் திரும்ப மாட்டினேன். ஸ்க்ரூ இப்போது மரத்தைத் தொடுவதே இல்லை. மூன்று வருடமாக ஒரு புள்ளிகூடக் கறுக்கவில்லை. கட்டும்போதே செய்திருந்தால் இரண்டு நாள் வேலை.

வெட்டு விளிம்புகளுக்கும் இதேதான். பலகையின் முகத்தைவிட விளிம்பு பல மடங்கு தண்ணீரை உறிஞ்சும். ஒரு கோட் எபாக்சி அடித்துப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள், விளிம்பு அதைக் குடித்துவிட்டுக் காய்ந்து கிடக்கும், மறுபடி அடியுங்கள், குடிப்பது நிற்கும்வரை அடியுங்கள். அப்புறம் எபாக்சி வெயில் தாங்காது என்பதால் மேலே பெயின்ட் அல்லது வெயிலைத் தடுக்கும் வார்னிஷ் கண்டிப்பாக வேண்டும். நான் வெளியே முழுக்கப் பெயின்ட், உட்காரும் பலகைக்கு மட்டும் வார்னிஷ். வார்னிஷ் வருடா வருடம் வேலை வாங்குகிறது, பெயின்டை ஒரே ஒரு தடவைதான் புதுப்பித்தேன்.

பராமரிப்பு என்று பெரிதாக இல்லை. கவிழ்த்து, தரையைத் தொடாமல் இரண்டு கட்டை மேல், காற்றுப் போகிற மாதிரி. உப்புத் தண்ணீரைவிட உள்ளே தேங்குகிற மழைத்தண்ணீர்தான் மரத்தை உளுத்துப்போக வைக்கும். படகு மூழ்காமல் இருக்க முன்னும் பின்னும் வைக்கும் காற்றறைகளின் மூடியை, படகு கரையில் இருக்கும்போது திறந்தே வையுங்கள், ஒரு மழைக்காலம் மூடி வைத்ததில் உள்ளே கறுப்பாகப் பூஞ்சை பூத்திருந்தது.

காற்றறை என்றதும், எடை குறைகிறது, இடம் மிச்சம் என்று அதை விட்டுவிடாதீர்கள். ஒரு லிட்டர் காற்று ஏறக்குறைய ஒரு கிலோவைத் தூக்கும், முன்னால் 60 லிட்டர், பின்னால் 60 லிட்டர் என்று வைத்தேன். முதல் தடவை இறக்கியபோது இடுப்பளவுத் தண்ணீரில், நானும் தம்பியும் உயிர்காப்புச் சட்டை போட்டுக்கொண்டு, வாளியால் மொண்டு மொண்டு படகை நிரப்பினோம். விளிம்புவரை தண்ணீர். இரண்டு பேரும் உள்ளே ஏறி உட்கார்ந்தோம். மார்புவரை நனைந்தபடி கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், படகு மூழ்கவில்லை. வெளியே எடுத்துத் தண்ணீரைக் கொட்டித் துடைத்த பிறகுதான் கரையில் காத்திருந்த பிள்ளைகளைக் கூப்பிட்டேன்.