இடது பின் சக்கரம் மட்டும்: டஸ்டரில் 275 டயரோடு நான்கு கோடை

போன வாரம் என் பழைய பிளிமத் டஸ்டர் காரின் இடது பின் டயரைக் கழற்றி வெயிலில் சாய்த்துவைத்துப் பார்த்தேன். வெளிப்பக்க சைடுவாலில், அதாவது டயரின் பக்கச் சுவரில், காம்பஸ் வைத்து இழுத்ததுபோல வட்டம் முழுக்க ஒரே உயரத்தில் ஒரு கோடு. ஒரு இடத்தில் ரப்பர் போய் உள்ளே இருக்கும் இழை தெரிகிறது, நகத்தால் தடவினால் நகம் மாட்டுகிறது. வலது டயரில் ஒரு கீறல் கிடையாது. அன்று ராத்திரியே கேன்டனில் இருக்கும் நண்பர் போன் செய்து, "அண்ணா, 72 டாட்ஜ் டீமன் ஒண்ணு வாங்கிட்டேன், பின்னாடி 275 டயர் ஏறுமா?" என்று கேட்டார். 275 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். டீமனும் டஸ்டரும் ஒரே உடம்புதான், என் அனுபவம் அவருக்கு அப்படியே பொருந்தும். இருந்த மனநிலையில் போனில் திட்டு மட்டும்தான் வந்திருக்கும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வண்டி 1970 பிளிமத் டஸ்டர் 340. டெட்ராய்ட்டை ஒட்டிய ஹாம்ட்ராம்க் ஆலையில் செய்தது, நான் இருக்கும் ட்ராயிலிருந்து அரை மணி நேரம்கூட இல்லை. அதற்கு வந்த அசல் டயர் இ70-14, ஏறக்குறைய 26 அங்குல உயரம். நான் வாங்கியபோது 235/60ஆர்15 இருந்தது, அதுவும் அதே உயரம்தான். நான் போட்டது 275/60ஆர்15 டிராக் ரேடியல் (தெருவிலும் ஓட்டக்கூடிய ரேஸ் டயர்), 28 அங்குல உயரம். 15க்கு 8 அங்குல வீல், நாலரை அங்குல பேக்ஸ்பேசிங் (வீலை மாட்டும் முகத்திலிருந்து அதன் உள்விளிம்பு வரை உள்ள தூரம்). முன்னால் ஒல்லியான டயர். நான்கு கோடையில் 5,000 மைலுக்குக் கொஞ்சம் குறைவாக ஓட்டியிருக்கிறேன். மிச்சிகன் குளிர்காலத்தில் சாலையில் உப்பு போடுவார்கள், அதனால் நவம்பர் முதல் ஏப்ரல் வரை வண்டி ஷெட்டைவிட்டு வெளியே வராது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபத்தில் விட்டுப்போகும். பழைய டயரில் பச்சை விளக்கு எரிந்ததும் மிதித்தால் நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றும், புகை வரும், அதற்குள் பக்கத்து லேன்காரர் போய்விடுவார். மிலன் டிராக்வே ரேஸ் தடத்தில் முதல் 60 அடியை 2.2 விநாடிக்குக் குறைவாக நான் கடந்ததே இல்லை. 275 போட்டு, காற்றை 18 பிஎஸ்ஐ-க்கு இறக்கி, டயரைச் சூடாக்கி முதல்முறை மிதித்தபோது 1.86. கால் மைல் 14.4 விநாடியிலிருந்து 13.8-க்கு வந்தது. எஞ்சினில் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை. கோட்டைத் தாண்டும் வேகம் மட்டும் கிட்டத்தட்ட அதே 98 மைல்தான். எஞ்சினின் சக்தி கூடவில்லை, இருந்த சக்தி புகையாகப் போகாமல் தரைக்குப் போனது, அவ்வளவுதான் விஷயம்.

அன்று கூட வந்தவர் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் கேமராவை வைத்து மெதுவோட்டத்தில் எடுத்திருந்தார். அதை எத்தனை முறை பார்த்தேன் என்று தெரியாது. ரிம் முதலில் திரும்புகிறது, தரையைத் தொடும் பகுதி அப்படியே நிற்கிறது, நடுவில் சைடுவால் ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதுபோல மடிகிறது, அப்புறம்தான் வண்டி கிளம்புகிறது. ரேஸுக்கென்றே இருக்கும் ஸ்லிக் (வரிப்பள்ளம் இல்லாத டயர்) அளவுக்கு மடிப்பு விழாது, ஆனாலும் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. உயரமான சைடுவால் எதற்கு என்று நான் படித்ததெல்லாம் அந்த மூன்று விநாடியில் விளங்கியது. முதல் அடியை டயர் வாங்கிக்கொண்டு, சக்கரத்தை வழுக்க விடாமல், பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரைக்குக் கொடுக்கிறது. அப்படிப் பிடித்ததால் அடி வேறு இடத்தில் விழத்தான் செய்யும். இரண்டாவது வருடம் எஞ்சின் சக்தியைப் பின்னால் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் யூ-ஜாயிண்ட் மூட்டு உடைந்தது. அதில் எனக்கு வருத்தமே இல்லை.

வருத்தமெல்லாம் இடது பக்கம்தான்.

எங்கள் தெருவிலிருந்து வீட்டு டிரைவ்வேக்கு வலது பக்கம் ஒடித்து மேட்டில் ஏற வேண்டும். பின் சீட்டில் ஆள் இருந்தால், அல்லது டேங்க் நிறைந்திருந்தால், ஏறும்போது இடது பின்னாலிருந்து 'பர்ர்ர்' என்று ஒரு சத்தம். கித்தான் துணியைக் கிழிப்பது போல இருக்கும். வேகம் கூடினால் இல்லை, நேராகப் போனால் இல்லை. உட்வர்ட் அவென்யூவில் யூ-டர்ன் எடுத்தால் வண்டி வலப் பக்கம் சாயும், அப்போது சத்தமே வராது. வலது பக்கம் திரும்பினால் மட்டும் வரும். என் மகள் பின்னால் உட்கார்ந்தால் டிரைவ்வே வருவதற்கு முன்பே காதைப் பொத்திக்கொள்வாள். நான்கு வருடமாக அந்த ஒரு சத்தத்துக்காக ஒவ்வொரு திருப்பத்திலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறேன்.

காரணத்தைக் கண்டுபிடிக்க, சுவர் கட்டும்போது கொத்தனார் பிடிக்கும் தூக்குக் குண்டு ஒன்று வாங்கினேன். ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) விளிம்பிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, நூலுக்கும் டயருக்கும் நடுவில் அளந்தேன். வலது பக்கம் 20 மில்லிமீட்டர். இடது பக்கம் 11. இரண்டு வீலையும் மாற்றிப் போட்டு அளந்தாலும் அதேதான். கோளாறு டயரிலும் இல்லை, வீலிலும் இல்லை. பின் சக்கரங்களை இணைக்கும் ஆக்ஸில் வண்டியின் நேர் நடுவில் உட்காரவில்லை. அந்தக் காலத்து அமெரிக்க வண்டிகளில் இது சாதாரணம், எந்தக் கம்பெனியையும் குறை சொல்லிப் பயனில்லை. கால் அங்குலம் ஒரு பக்கம் தள்ளியிருந்தாலும், அசல் டயருக்கு இரண்டு பக்கமும் தாராளமாக இடம் இருந்ததால் ஓட்டியவர்களுக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை. 275-ஐ உள்ளே திணிக்கும்போதுதான் தெரிகிறது.

அதற்கு மேல், என் வண்டியில் இருப்பது சூப்பர் ஸ்டாக் லீஃப் ஸ்பிரிங், டிராக் ரேஸுக்கான பட்டை ஸ்பிரிங். கிளம்பும்போது எஞ்சினின் முறுக்கு வலது பின் சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். அதை எதிர்க்க வலது ஸ்பிரிங்கில் பட்டைகள் அதிகமாக வைத்திருப்பார்கள். டிராக்கில் இது அருமையான ஏற்பாடு. வீட்டில் நிறுத்தினால் வண்டி வலது பக்கம் உயர்ந்து, இடது பக்கம் தாழ்ந்து நிற்கும். ஏற்கெனவே இடம் குறைவான பக்கமே இன்னும் கீழே இறங்குகிறது. வலது பக்கம் திரும்பும்போது வண்டி இடப் பக்கம் சாய்ந்து அதை இன்னும் அழுத்தும். மூன்றும் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டன.

ஃபெண்டரின் உள்விளிம்பை மடக்கினேன். வெட்டாதீர்கள். அந்த விளிம்பில்தான் வெளித்தகடும் உள் வீல்-ஹவுஸ் தகடும் புள்ளிப் புள்ளியாக வெல்டு செய்யப்பட்டுச் சேர்ந்திருக்கின்றன. வெட்டினால் பிரிந்துவிடும், தண்ணீர் இறங்கும், துரு பிடிக்கும். பழைய ஆட்கள் டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் பேஸ்பால் மட்டையைச் செருகி வண்டியைத் தள்ளுவார்கள், அதுவே உருண்டு விளிம்பை மடக்கும். நான் ஹப்பில் போல்ட் போட்டு மாட்டும் ரோலரை வாடகைக்கு எடுத்து, வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் பெயிண்ட்டைச் சூடாக்கி, ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் கொஞ்சமாக மடக்கினேன். ஒரு இடத்தில் பொறுமை போய் வேகமாக இழுத்ததில் கட்டைவிரல் நீளத்துக்குப் பெயிண்ட் வெடித்துவிட்டது, இன்னும் தெரிகிறது. 8 மில்லிமீட்டர் கிடைத்தது. தனியாகப் போனால் சத்தம் நின்றது. ஆள் ஏறினால் நிற்கவில்லை. அந்த மிச்ச உரசல்தான் நான்கு வருடத்தில் இழை வரை போயிருக்கிறது.

சரியான வழி எனக்கு இப்போது தெரியும். லீஃப் ஸ்பிரிங்கை இரண்டு பக்கமும் அரை அங்குலம் உள்ளே தள்ள ஹேங்கர் கிட் (ஸ்பிரிங்கைப் பிடிக்கும் தாங்கிகள்) கிடைக்கிறது. முதலில் அதைப் போட்டு, அப்புறம் தூக்குக் குண்டு வைத்து அளந்து, கடைசியில்தான் அதற்கேற்ற பேக்ஸ்பேசிங்கில் வீல் வாங்க வேண்டும். நான் நேர்மாறாகச் செய்தேன். வீல் அழகாக இருந்தது, வாங்கிவிட்டேன். இப்போது உள்பக்கம் ஸ்பிரிங்குக்கும் டயருக்கும் நடுவில் கால் அங்குலம்தான், வீலை உள்ளே தள்ள வழியில்லை.

மற்றவை சின்ன விஷயங்கள். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது உண்மையில் கிட்டத்தட்ட 65-இல் போவீர்கள். கியர்பாக்ஸ் வாலில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரத்தைப் பல் குறைவானதாக மாற்றினால் சரியாகிவிடும், ஒரு மணி நேர வேலை. என் 3.55 ஆக்ஸில் விகிதம் 28 அங்குல டயரோடு 3.30 மாதிரி நடந்துகொள்கிறது, நெடுஞ்சாலையில் எஞ்சின் கொஞ்சம் அமைதியாக இருக்கிறது. மழை வந்தால் ஓரங்கட்டி நிறுத்திவிடுவேன், இந்த அகலத்தில் தண்ணீரைக் கிழிக்காது, மேலே மிதக்கும். டயர் கடையில் ஒரு பையன் இடது பக்க நட்டை இம்பாக்ட் கன் வைத்து இடப்பக்கமாகத் திருப்பியே ஸ்டட்டை (நட் ஏறும் போல்ட்டை) முறித்தான். இந்த வண்டியில் இடது சக்கரங்களுக்கு எதிர்ப்புரி, கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். யார் தொட்டாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நண்பர் இன்னொன்றும் கேட்டார், ஏர் ஷாக் (காற்றடைத்து உயர்த்தும் ஷாக் அப்சார்பர்) போட்டுப் பின்னாலே தூக்கிவிட்டால் உரசாதே என்று. 70-களில் எல்லாரும் அப்படித்தான் தூக்கினார்கள். ஷாக் மாட்டும் இடம் வண்டியின் எடையைத் தாங்கச் செய்ததல்ல, தகடு விரியும். அது வேண்டவே வேண்டாம் தம்பி.

சரி, 275 போடலாமா? போடாதீர்கள். 255/60ஆர்15 போடுங்கள். 27 அங்குலம், பெரிய வேலை இல்லாமல் உள்ளே போகும், வீட்டில் யாரும் காதைப் பொத்த மாட்டார்கள். தெருவில் ஓட்ட அது தாராளம். டயர் ஒன்று 300 டாலருக்கு மேல் போகிற காலத்தில் ஒரு நல்ல டயரை உரசியே கொல்வதைப் பார்க்க மனது கேட்கவில்லை.

நான் மறுபடியும் 275 ஜோடிதான் ஆர்டர் செய்திருக்கிறேன். ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை உட்வர்டில் ட்ரீம் குரூஸ், பழைய கார்களின் ஊர்வலம். அதற்கு முன்பு ஹேங்கர் கிட் ஏறிவிடும், வீலையும் இந்த முறை அளந்த பிறகே வாங்குவேன். இரண்டு பக்கமும் நூல் ஒரே அளவு காட்டுகிறதா என்று அப்போது எழுதுகிறேன்.