வடசேரியில் வாங்கின ‘65 வாட்’ சார்ஜர்: நான் ரெண்டு தடவை ஏமாந்த கதை

நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு செல்போன் கடை. பேர் போடலை. பில் வாங்காம வந்தவன் நான், பேர் போட்டா மாட்டுறதும் நான்தான்.

போனோட வந்த சார்ஜரைத் தக்கலையில அக்கா வீட்டுல மறந்து வச்சுட்டேன். அவசரத்துக்கு இந்தக் கடையில கேபிளோட சேர்த்து 650 ரூபாய்க்குப் புதுசு. டப்பாவுல கொட்டை எழுத்துல ‘65 வாட்’. ராத்திரி முழுக்கப் போட்டும் காலையில 70 சதவீதம்தான். கொண்டுபோய்க் காட்டினா, போனைத் திருப்பி ஒரு தட்டு தட்டிட்டு, “சார்ஜருக்கு ஒண்ணும் இல்ல மக்கா. போன் பழசுல்லா, பேட்டரி போச்சு” ன்னார் அண்ணாச்சி. நம்பினேன். பேட்டரி மாத்த 1,400.

மாத்தியும் அதே கதைதான்.

ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுல பழைய சார்ஜரைக் குத்திட்டு ஒரு தூக்கம் போட்டு எழும்பினா 90 தாண்டிருச்சு. அப்பதான் சுருக்குன்னுச்சு.

பேட்டரிக்குள்ள எத்தனை மில்லிஆம்பியர் போகுதுன்னு காட்டுற ‘ஆம்பியர்’ ஆப்பை இறக்கினேன். 80 சதவீதத்துக்கு மேல போனே கரண்டைக் குறைச்சுக்கும். அதனால எல்லாத்தையும் 30-லிருந்து 40-க்குள்ள, ஃப்ளைட் மோடுல, குத்தி ஒரு நிமிஷம் பொறுத்துதான் பார்த்தேன். பழைய சார்ஜர், பழைய கேபிள்: 1,750. அதே சார்ஜர்ல புது கேபிள்: 430. புது சார்ஜர்ல பழைய கேபிள்: 900. புதுசு ரெண்டும் சேர்ந்தா 410. ஒண்ணு இல்ல, ரெண்டுமே கள்ளம்.

ஆப் காட்டுறது போன் தின்னது போக மிச்சம்தான்னு அத்தான், சார்ஜர்லயிருந்து வர்ற வோல்ட், ஆம்பியரைக் காட்டுற தன் யூஎஸ்பி மீட்டரை எடுத்து வந்தார். நல்ல கேபிள் போட்டும் புது சார்ஜர் 4.7 வோல்ட், 1.1 ஆம்பியர். பெருக்கினா அஞ்சு வாட்டும் சொச்சமும். போன் கேட்காட்டா 65 வராது, அது நியாயம். ஆனா என் போன் கேட்கிறதே 10 வாட்தான், அதுக்கே மூச்சு வாங்குது.

கேபிளை வெட்டினோம். மேல விரல் தண்டிக்கு ரப்பர், உள்ள தலைமுடி மாதிரி ரெண்டே வயர், சிவப்பும் கறுப்பும். டேட்டாவுக்கான பச்சையும் வெள்ளையும் இல்லவே இல்லை. அது இல்லைன்னா மறுமுனையில சார்ஜரா கம்ப்யூட்டரான்னு போனுக்குத் தெரியாது. பல போன் 500 மில்லிஆம்பியருக்குள்ள நின்னுக்கும்.

சார்ஜர் முதுகுல பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரை வேற. அதுல ‘ஆர்’னு தொடங்குற நம்பரை பிஐஎஸ் கேர் ஆப்புல போட்டா, வேற யாரோ ஒரு கம்பெனியோட எல்இடி பல்பு வருது. வாங்குற இடத்துலயே இதைப் பார்த்திருக்கலாம், அரை நிமிஷ வேலை. இப்ப நுகர்வோர் உதவி எண் 1915-ல சொல்லியிருக்கேன். பில் இருந்தா கை கொஞ்சம் ஓங்கியிருக்கும்.

வெட்டின கேபிளோட கடைக்குப் போய் மீட்டரைக் குத்திக் காட்டினேன். “அது சைனா மீட்டர் மக்கா, நம்பாத.”

“சரி அண்ணாச்சி, கழத்தின பேட்டரியாவது தாங்க. அது நல்ல பேட்டரில்லா?”

அதை அன்னைக்கே பழைய சாமான் எடுக்கிற ஆக்கர்காரன் கொண்டு போயிட்டானாம்.