தமிழும் மலையாளமும் ஒரே கோப்பில்: எல்லையோர டிடிபி கடையில் லினக்ஸ்

கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்து டிடிபி கடைகளில் ஒரே மனுவில் பாதி தமிழ், பாதி மலையாளம் இருக்கும். அந்த வேலையை லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளமும் லிப்ரே ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளும் ஆண்டுக்கணக்கில் தாங்குகின்றன. தொடக்கத்தில் சரியாக அமைத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பழைய கணினிக்கு மின்ட்டின் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு நல்லது. 4 ஜிபி ரேம் போதும். ஹார்டு டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றினால்தான் வேகம் தெரியும். பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ்-எம்17என் நிறுவி, தமிழ்99, மலையாள இன்ஸ்கிரிப்ட் என்ற இரண்டு விசைப்பலகை அமைப்புகளையும் சேர்க்கவும். ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழையாவிட்டால் விசைப்பலகை மாறாது. பலர் இங்கேயே கைவிட்டுவிடுகிறார்கள்.

அதிகம் படுத்துவது எழுத்துரு. லிப்ரே ஆபிஸ் தமிழையும் மலையாளத்தையும் 'சிக்கலான எழுத்து' என்ற ஒரே பெட்டியில் போடுகிறது. அங்கே மீரா இனிமை என்ற தமிழ் எழுத்துருவை வைத்தால், அதில் இல்லாத மலையாள எழுத்துக்கு வேறொரு எழுத்துரு தானாக வந்து உட்காரும். வரி உயரம் கலைந்து ஒரு பக்க மனு இரண்டாம் பக்கத்துக்கு வழியும். மலையாளத்துக்கென்று தனி எழுத்து நடை (கேரக்டர் ஸ்டைல்) உருவாக்கி, அதில் எழுத்துரு மஞ்சரி, மொழி மலையாளம் என்று குறித்துவிட்டால் தீர்ந்தது. மீரா இனிமை, மஞ்சரி இரண்டுமே சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு தந்தவை. மலையாளத்துக்காகத் திரண்டவர்கள் தமிழுக்கும் எழுத்துரு செய்து கொடுத்ததை நன்றியோடு சொல்ல வேண்டும். திறந்த உரிமம் என்பதால் வாடிக்கையாளரின் பென்டிரைவில் தயங்காமல் போட்டுக் கொடுக்கலாம்.

மலையாளப் பெயரைத் தேடினால் சில நேரம் கிடைக்காது. கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். காரணம், சில்லு எழுத்துகள் (உயிர் சேராத மலையாள மெய்கள்) இரண்டு முறையில் பதிவாவதுதான். அவற்றுக்குத் தனிக் குறியீடு 2008-இல் யூனிகோடு 5.1-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய முறையில் மெய், சந்திரக்கலை, கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் என்று மூன்று குறிகள். பட்டியலை வரிசைப்படுத்தும் முன் எல்லாவற்றையும் ஒரே முறைக்கு மாற்றிவிடுங்கள்.

கேரளப் பள்ளிகளிலும் அரசின் கல்வித் தொழில்நுட்ப அமைப்பான கைட் தரும் குனூ/லினக்ஸ் ஓடுவதால், அங்கிருந்து வரும் ஓடிடி (லிப்ரே ஆபிஸ் ஆவண வடிவம்) கோப்புகள் குலையாமல் திறக்கும்.

பிரின்டர் வாங்கும்போது ஐபிபி எவ்ரிவேர் என்ற பொது அச்சுத் தரத்துக்கு ஆதரவு உள்ளதா என்று பாருங்கள். அதற்குத் தனி டிரைவர் தேவையில்லை. சில மலிவு லேசர் பிரின்டர்களுக்கு ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் கணினியே ஒரு துணைக்கோப்பு மூலம் ஃபர்ம்வேரை (பிரின்டரை இயக்கும் உள் மென்பொருள்) ஏற்ற வேண்டும். சிஸ்டத்தைப் புதுப்பித்ததும் அந்தத் துணைக்கோப்பு பதிப்பு பொருந்தாமல் நின்றுவிடும்.

யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த பழைய தமிழ்க் கோப்புகளை ஓபன்-தமிழ் என்ற நிரல் நூலகம் யூனிகோடாக்கும். பாமினி முறையில் கொம்பு மெய்க்கு முன்னால் பதிவாகியிருக்கும். மாற்றியபின் கொ, கோ, கௌ வரும் சொற்களை மட்டுமாவது மூலத்தோடு ஒத்துப் பாருங்கள்.